வெள்ளிக்கிரகத்துக் காமா ஏன் ஊர் திரும்பவில்லை?

2024 மார்ச் 9

வாசகர் ஒருவர் கேட்டது இது: "1950, 60-களின் மெக்சிகோ விஞ்ஞானக் கற்பனைக் காமெடிப் படங்கள் நாலைந்து பார்த்தேன். எல்லாம் ஒரே அச்சு. பெண்கள் ஆளும் ஒரு கிரகம், அங்கிருந்து நீச்சலுடையில் இறங்கும் அழகிகள், கடைசியில் ஒரு குதிரைக்காரனிடம் மனசைப் பறிகொடுத்து அடங்கிப் போவது. பெண்ணுக்கு அதிகாரம் வந்தால் உலகம் கெட்டுப்போகும் என்று சொல்லத்தான் ராக்கெட் விட்டார்களா? இதில் ரசிக்க என்ன இருக்கிறது?"

நான் மோன்தெர்ரே நகரத்தில் மூன்று வருஷமாக இருக்கிறேன். மெக்சிகோவின் வடக்கு, நுவேவோ லெயோன் மாநிலம். சனிக்கிழமை ராத்திரி கீழ்வீட்டுத் தோன்யாவோடு பழைய படம் பார்ப்பது வழக்கம். தோன்யா என்பது பெரியவர்களுக்கான மரியாதைச் சொல், நாம் 'அம்மா' என்று கூப்பிடுவது போல. வயது 78. வீடு அவருடையது, டிவியும் அவருடையது, எந்தப் படம் என்ற முடிவும் அவருடையதுதான்.

கேள்வியில் சொன்ன அச்சுக்கு மூலப்படம் ஒன்று உண்டு: 'லா நாவே தெ லோஸ் மான்ஸ்த்ருவோஸ்', அரக்கர்களின் கப்பல். 1960. இயக்கம் ரொஹேலியோ ஏ. கொன்சாலஸ். வெள்ளிக்கிரகத்தில் ஆண்களே இல்லாமல் போய்விடுகிறார்கள். ராணி இரண்டு பெண்களை அனுப்புகிறாள்: காமா (ஆனா பெர்தா லெப்பே), பீட்டா (லொரேனா வெலாஸ்கஸ்). வேலை, கிரகம் கிரகமாகப் போய் ஆண் மாதிரிகளைப் பிடித்து வருவது. பிடித்து அடைத்திருப்பதெல்லாம் அரக்கர்கள். கப்பல் பழுதாகி வடக்கு மெக்சிகோவின் சிவாவா மாநிலத்தில் இறங்குகிறது. அங்கே பாட்டுப் பாடிக்கொண்டு குதிரையில் வருகிறான் லவுரியானோ. நடித்தவர் 'பிப்போர்ரோ' என்று எல்லாரும் கூப்பிடும் எவுலாலியோ கொன்சாலஸ். எங்கள் மாநிலத்துக்காரர், லோஸ் எர்ரேராஸ் என்ற சின்ன ஊரில் பிறந்தவர்.

முடிவில் காமா அவனோடு பூமியிலேயே தங்கிவிடுகிறாள். அதனால் கேள்வி கேட்டவர் சொல்வது சரிதான். நானும் முதல் தடவை பார்த்துவிட்டு இதே கோபத்தோடுதான் மாடி ஏறினேன்.

2024 மார்ச் 10

ஒரு திருத்தம். நேற்று எழுதியதைப் படித்தால் காமா, பீட்டா இரண்டு பேருமே வெள்ளிக்கிரகத்துக்காரிகள் போலத் தெரியும். அப்படி இல்லை. பீட்டா யுரேனஸ்காரி, ரத்தம் குடிப்பவள். வெள்ளிக்கிரகத்தின் வேலைக்கு வந்த வெளியூர்க்காரி.

சின்ன விஷயம் என்றுதான் விட்டிருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. நல்லவள் சொந்த ஊர்ப்பெண், கெட்டவள் அயலாள். பெண்களே ஆளும் கிரகத்துக் கப்பலுக்குள்ளும் அந்தப் பிரிவினை இருக்கிறது. இதற்குத் திரும்ப வருகிறேன்.

2024 மார்ச் 16

இன்று மறுபடி பார்த்தோம். இந்தத் தடவை கதையை விட்டுவிட்டு, தோன்யா எங்கே சிரிக்கிறார் என்பதை மட்டும் கவனித்தேன்.

லவுரியானோ பாடிக்கொண்டு வரும்போது கையிலுள்ள கருவியால் அவனை அப்படியே உறையவைத்துவிடுகிறார்கள். வாய் திறந்தபடி நிற்கிறான். இரண்டு பெண்களும் அவனைச் சுற்றிவந்து சந்தையில் மாட்டைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள். தோன்யா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கையில் வைத்திருந்த குளோரியாவில் பாதி மடியில் விழுந்தது. (குளோரியா என்பது லினாரெஸ் ஊர் இனிப்பு. பாலைச் சுண்டக் காய்ச்சி பீக்கன் கொட்டை சேர்த்து உருட்டுவது. நம்ம பால்கோவாவின் தூரத்துச் சொந்தம்.)

நான் கேட்டேன், "இதில் என்ன இவ்வளவு சிரிப்பு?"

"மிஹா, ஒரு சார்ரோவின் வாயை அடைச்சவங்களை நீ பார்த்திருக்கியா?"

மிஹா என்றால் மகளே. சார்ரோ யாரென்று தெரியாதவர்களுக்கு: அகலத் தொப்பி, வெள்ளிப் பொத்தான் வைத்த உடை, குதிரை, துப்பாக்கி, தொண்டை நிறையப் பாட்டு. 1936-இல் ஃபெர்னாந்தோ தெ ஃபுவென்தெஸ் எடுத்த பண்ணைப் படம் ஒன்று ஓடு ஓடு என்று ஓடியதிலிருந்து இருபது வருஷத்துக்கும் மேலாக மெக்சிகோ சினிமாவின் ஆண் என்றால் அவன்தான். அவன் பாடுவான், எல்லாரும் கேட்க வேண்டும். பெண் ஜன்னலோரம் நின்று கேட்க வேண்டும்.

இந்தப் படத்தில் அந்த ஆணை நிறுத்திவைக்கிறார்கள். அதுமட்டுமில்லை, லவுரியானோ ஊரறிந்த புளுகன். சாராயக்கடையில் உட்கார்ந்து வீரக்கதை அளப்பதுதான் அவன் தொழில் மாதிரி. பிறகு நிஜமாகவே அரக்கர்கள் வந்து, அவன் உண்மையைச் சொல்லும்போது ஒருவரும் நம்புவதில்லை. சார்ரோவின் பேச்சுக்கு ஊரில் என்ன மரியாதை என்பதைப் படமே சொல்லிவிடுகிறது.

அந்த அரக்கர்களையும் யோசித்துப் பாருங்கள். ஒற்றைக்கண்ணன் ஊக், மண்டை வீங்கிய செவ்வாய் இளவரசன் தாகுவால், எலும்புக்கூடாய் ஒன்று, சிலந்தி மாதிரி ஒன்று. பிரபஞ்சம் முழுக்கத் தேடி 'இதுதான் ஆண்' என்று அடைத்துவைத்த சரக்கு இவ்வளவுதான். இந்தச் சிரிப்பு பெண்கள் பக்கம் விழவில்லை.

2024 மார்ச் 17

கேள்வி கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார்: "நடுவில் சிரிக்கவைத்துவிட்டு முடிவில் கட்டிவைத்தால் சரியாகிவிடுமா? அந்த உடைகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே நீங்கள்."

சரியாகாதுதான். உடைகளைப் பற்றிச் சொல்கிறேன், கொஞ்சம் நேரம் கொடுங்கள்.

2024 மார்ச் 23

ஆனா பெர்தா லெப்பே ஹலிஸ்கோ மாநிலத்தின் தெகொலோத்லான் ஊரில் பிறந்தவர். 1953-இல் மெக்சிகோ அழகி. அதே வருஷம் கலிபோர்னியாவின் லாங் பீச்சில் நடந்த பிரபஞ்ச அழகிப் போட்டியில் நாலாவது இடம். படத்துக்கு அவரைக் கூப்பிட்டது எதற்கு என்பதில் ஒளிவுமறைவே இல்லை. நீச்சலுடை மாதிரியான அந்தக் கவசத்தில் அவரை நிற்கவைத்தால் கொட்டகை நிரம்பும்.

ஆனால் அதே 1953 அக்டோபர் 17-இல்தான் மெக்சிகோ பெண்களுக்கு நாடு முழுமைக்கும் வாக்குரிமை வந்தது. ஜனாதிபதி அதோல்ஃபோ ருயிஸ் கோர்தினெஸ் காலம். நாடாளுமன்றத் தேர்தலில் பெண்கள் முதல்முறை வரிசையில் நின்றது 1955 ஜூலை 3. ஜனாதிபதித் தேர்தலில் வாக்களித்தது 1958. படம் 1960.

இந்தத் தேதிகளை ஒரு தாளில் எழுதிவைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. பெண்கள் ஆளும் கிரகம் என்பது அன்றைக்கு வெறும் ராக்கெட் கற்பனை இல்லை. வாக்குச்சாவடியில் புதிதாக நின்ற பெண்களைப் பார்த்து வீட்டு ஆண்களுக்கு வந்த கலக்கம் அது. அந்தக் கலக்கத்துக்கு ஒரு முட்டை வடிவக் கப்பலும், இரண்டு அழகிகளும், கல்யாண முடிவும் கொடுத்து ஆற்றியிருக்கிறார்கள். விருத்தா, கபுலினா காமெடி இணை நடித்த 1964 படத்திலும் வெள்ளிக்கிரகத்துப் பெண்கள்தான் வருகிறார்கள். 1966-இல் 'படையெடுக்கும் பெண்களின் கிரகம்' என்றே தலைப்பு வைத்துவிட்டார்கள்.

ஆகவே கேள்வி கேட்டவர் பக்கம் ஒரு அடி நகர்கிறேன். பயம் இருந்தது நிஜம். பயப்படுபவனை வைத்துக் காமெடி பண்ணியதும் நிஜம்.

2024 மார்ச் 23, பின்னிரவு

'முட்டை வடிவக் கப்பல்' என்று எழுதிவிட்டேன். அது வெறும் என் மனப்படம். அடுத்த தடவை பார்க்கும்போது சரியாகக் கவனித்துச் சொல்கிறேன். இப்போதைக்கு 'கப்பல்' என்று மட்டும் படித்துக்கொள்ளுங்கள்.

2024 ஏப்ரல் 12

நேற்று லொரேனா வெலாஸ்கஸ் போய்விட்டார். 86 வயது.

காலையில் தோன்யா மாடிக்கே வந்து கதவைத் தட்டினார். மூட்டுவலிக்காரர், படி ஏறுவதே இல்லை. "என் ராணி போயிட்டா" என்றார். காபி போட்டுக் கொடுத்தேன். ரொம்ப நேரம் பேசவில்லை.

பிறகு பேச ஆரம்பித்தோம், அவர் எத்தனை ராணிகள் என்று. 1962-இல் முகமூடி மல்யுத்த வீரர் சாந்தோவின் படத்தில் ரத்தக்காட்டேரிகளின் ராணி சொரினா. 1966 படத்தில் சிபிலா கிரகத்தின் இரட்டையர்: கொடுங்கோலி அதாஸ்த்ரேயா, இரக்கமுள்ள அல்புர்னியா, இரண்டும் அவர்தான். பொழுதுபோக்குப் பூங்காவில் ராக்கெட் மாதிரி ஒரு ராட்டினம் இருக்கும், சீட்டு வாங்கி ஏறினால் நிஜமாகவே வேறு கிரகத்துக்குக் கொண்டுபோய்விடும். குழந்தையாய் அதைப் பார்த்துவிட்டுத் தன் தங்கை வருஷக்கணக்கில் ராட்டினமே ஏறவில்லை என்றார் தோன்யா.

எனக்குப் பிடித்தது கிரீடம் இல்லாத வேஷம். ரெனே கார்தோனா இயக்கிய 1963 படம், 'மல்யுத்தப் பெண்களும் கொலைகார டாக்டரும்' என்று சொல்லலாம். அதில் லொரேனா குளோரியா வீனஸ், மல்யுத்த வீராங்கனை. கூட்டாளி கோல்டன் ரூபியாக எலிசபெத் காம்ப்பெல். டாக்டர் பெண்களைக் கடத்தி மூளை மாற்று அறுவை செய்கிறான். கடத்தப்பட்டவர்கள் செத்துப்போனதும் அவன் சொல்லும் காரணம், அவர்களுக்குப் போதுமான அறிவில்லை என்பது. படித்த பெண்ணாக ஒருத்தியைத் தூக்குகிறான், அவள் குளோரியாவின் தங்கை. அதுவும் தோற்றதும் பலசாலிப் பெண் வேண்டும் என்று மல்யுத்த மேடைப் பக்கம் திரும்புகிறான். அவன் கண்ணில் பெண் என்பது ஒரு பெட்டி, சாமான் சரியில்லை என்றால் வேறு பெட்டி. அந்த டாக்டரிடம்தான் இரண்டு பெண்களும் வெறும் கையோடு மோதுகிறார்கள். துப்பறிவாளர்கள் என்று இரண்டு ஆண்கள் கூடவே வருகிறார்கள், அவர்களில் குள்ளமானவர் கோல்டன் ரூபியின் தோளுக்குக்கூட வரமாட்டார். மீட்க வந்தவர்கள்தான், பல இடத்தில் மீட்கப்படவும் வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு தெரியவந்த ஒன்று என்னை உலுக்கிவிட்டது. இந்தப் படம் வந்த காலத்தில் மெக்சிகோ நகரத்தில் பெண்கள் மல்யுத்தத்துக்குத் தடை. 1950-களில் போட்ட தடை, 1986 வரை நீடித்தது. தலைநகரத்தில் ஒரு பெண் கொட்டகைக்குப் போய் திரையில் குளோரியா வீனஸ் அரக்கனைத் தூக்கி அடிப்பதைப் பார்க்கலாம். பக்கத்துத் தெரு அரங்கத்தில் ஒரு நிஜ வீராங்கனை மேடையேற முடியாது.

2024 ஏப்ரல் 14

ஒருவர் எழுதியிருக்கிறார்: "அப்படியானால் படம்தான் சட்டத்தைவிட முன்னே இருந்தது."

இந்த ஒரு விஷயத்தில், ஆமாம்.

2024 ஏப்ரல் 20

பீட்டா அயலாள் என்று மார்ச்சில் எழுதிவிட்டு நிறுத்தியிருந்தேன். இப்போது அந்தப் பக்கம்.

ஆண், பெண் விஷயத்தில் இந்தப் படங்கள் இரண்டு மனசாக இருக்கின்றன. நிறம், இனம் என்று வந்தால் அந்த இரண்டாம் மனசைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. வேற்றுக்கிரகவாசிகளாக நடித்தது யார் யார்? எலிசபெத் காம்ப்பெல் அமெரிக்காவில் பிறந்தவர். மவுரா மோந்தி இத்தாலியில். 1967-இல் சாந்தோ செவ்வாய்க்காரர்களை எதிர்த்த படத்தில் வந்த ஏவா நோர்விந்த் நார்வேக்காரர், அதே படத்தில் செவ்வாய்த் தலைவனாக வந்த வுல்ஃப் ருவின்ஸ்கிஸ் பிறந்தது லாத்வியாவின் ரீகாவில். வானத்திலிருந்து வந்தவன், அறிவாளி, அழகு என்றால் வெள்ளைத்தோல், பொன்முடி. சரி, மண்ணுக்குள்ளிருந்து வருபவர் யார்? அஸ்தெக் மம்மி.

இது என்னைக் கஷ்டப்படுத்துகிறது. அந்த நாட்டின் பூர்வகுடிகள் திரையில் பிணமாக, அதுவும் சாபம் பிடித்த பிணமாக எழுந்து வருகிறார்கள். ஐரோப்பாவில் பிறந்தவர்கள் எதிர்காலமாக வருகிறார்கள். 1964-இல் லொரேனா மறுபடி மல்யுத்த வீராங்கனையாக வந்தபோது எதிரே நின்றது இந்த மம்மிதான். ஒரு பூர்வகுடிப் பெண் காமெடிப் படத்தின் நடுநாயகமாக நின்றது என்றால் 1972-இல் மரியா எலேனா வெலாஸ்கோ தன் 'இந்தியா மரியா' வேஷத்தோடு (ஸ்பானிஷில் இங்கே 'இந்தியா' என்றால் பூர்வகுடிப் பெண்) கதாநாயகியான பிறகு. அதற்கும் சண்டை உண்டு, பூர்வகுடிப் பெண்ணைக் கேலி செய்கிறாரா, அவளைக் கேலி செய்யும் நகரத்துக்காரர்களையா என்று. அதை இங்கே இழுக்கவில்லை.

1964 படத்தில் இன்னொரு கூட்டமும் உண்டு. கருப்பு டிராகன் கும்பல், தலைவன் பெயர் ஃபுஜியாதா. ஜப்பானியப் பெயர், வில்லத்தனம் மட்டுமே குணம். அவனுக்கு ஜூடோ தெரிந்த இரண்டு சகோதரிகள். பார்க்கும்போது சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் நான் இருக்கும் ஊரிலிருந்து நாலு மணி நேரப் பயணத்தில் தொர்ரெயோன் நகரம் இருக்கிறது. 1911 மே மாதம் அங்கே சீனர்கள் சுமார் 300 பேரைக் கொன்றார்கள். 1930-களில் சொனோரா மாநிலத்திலிருந்து சீனர்களைத் துரத்தியபோது அவர்களைக் கட்டிக்கொண்ட மெக்சிகோ பெண்களும் குழந்தைகளும் சேர்த்து வெளியேற்றப்பட்டார்கள். முப்பது வருஷம் கழித்து ஃபுஜியாதாவைத் திரையில் பார்த்த கூட்டத்துக்கு இதெல்லாம் நினைவிருந்ததோ இல்லையோ, ஆசியமுகம் என்றால் சந்தேகப்படு என்ற பழக்கம் கையோடு இருந்தது.

ஆசியமுகம் என்பதில் என்னுடையதும் அடக்கம் என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்தியே எழுதுகிறேன்.

2024 ஏப்ரல் 21

மேலே ஒரு அவசரம் இருக்கிறது. வேற்றுக்கிரகவாசி என்றாலே வெளிநாட்டில் பிறந்தவர் என்று படிக்கும்படி எழுதிவிட்டேன். லொரேனாவும் ஆனா பெர்தாவும் மெக்சிகோவில் பிறந்தவர்கள். 1956-இல் ஹூலியான் சொலேர் எடுத்த பறக்கும் தட்டுப் படத்தில் செவ்வாய்க்காரர்கள் என்று ஊரே நம்புவது ஒரு ஏழைக் காதல் ஜோடியை: ரெசோர்தெஸ், எவான்ஹெலினா எலிசோந்தோ. வினோத வண்டியில் போய் விழுந்தவர்களை ஜனங்கள் செவ்வாயிலிருந்து வந்தவர்கள் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அவர்களும் சரி என்று அந்த வேஷத்திலேயே நிற்கிறார்கள்.

எனக்கு அந்தப் படம் ரொம்பப் பிடிக்கும். கையில் காசில்லாதபோது திரும்பிப் பார்க்காத உலகம், வேற்றுக்கிரகவாசி என்றதும் மாலை போடுகிறது. பொய்யில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம பங்கு, ஆட்டத்திலும் சம பங்கு. எலிசோந்தோ யார் என்றால், 1950-இல் சிண்ட்ரெல்லா கார்ட்டூன் ஸ்பானிஷில் வந்தபோது சிண்ட்ரெல்லாவின் குரல். இளவரசன் தேடிவர வீட்டில் காத்திருந்தவளுக்குக் குரல் கொடுத்தவர், ஆறு வருஷம் கழித்து செவ்வாய்க்காரியாக வேஷம் கட்டி ஊரை ஏமாற்றிக்கொண்டிருக்கிறார்.

2024 மே 4

இன்று தோன்யா சொன்னதை அப்படியே எழுதிவைக்கிறேன். இந்த இழையில் இதைவிட முக்கியமானது எதுவும் நான் எழுதியிருக்கமாட்டேன்.

படத்தின் தொடக்கத்தில் ராணி 'ஆண்கள் இல்லை' என்று சொல்லும் கட்டத்தில் நான் ஏதோ கிண்டலாகச் சொன்னேன், இதெல்லாம் எந்த ஊரில் நடக்கும் என்று. தோன்யா டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

"எங்க ஊர்ல நடந்துச்சு மிஹா."

1942-லிருந்து 1964 வரை பிராசெரோ ஒப்பந்தம் என்று ஒன்று இருந்தது. அமெரிக்க வயல்களுக்கு மெக்சிகோ ஆண்களைக் கூலிக்கு எடுத்தார்கள். லட்சக்கணக்கில் போனார்கள். வயல்வேலைக்கு ஆண்களை மட்டும்தான் எடுத்தார்கள், பெண்டுபிள்ளைகள் ஊரில். தோன்யாவின் அப்பா டெக்சாஸ், கலிபோர்னியா என்று போய்ப்போய் வந்தவர். ஒரு வருஷம் வருவார், இரண்டு வருஷம் வரமாட்டார். பண்ணை, ஆடு, கடன், கிணறு எல்லாம் அம்மா கையில். பக்கத்துப் பண்ணைகளிலும் அப்படியே. "ஞாயித்துக்கிழமை கோயில்ல பாதிரியாரைத் தவிர மீசை வச்ச ஆளே கிடையாது" என்றார்.

பிறகு அப்பா ஒரேயடியாகத் திரும்பிவந்தார். அம்மா சாப்பாட்டு மேசையில் தலைப்பக்க நாற்காலியை அவருக்குக் கொடுத்தார். ரொட்டியை முதலில் அவர் தட்டில் வைத்தார். ஊருக்கு முன்னால் 'அவரைக் கேட்டுச் சொல்கிறேன்' என்று பேசினார். ஆனால் ஆட்டுப்பட்டிச் சாவியை மட்டும் கொடுக்கவில்லை. கழுத்துக் கயிற்றில் சிலுவையோடு சேர்த்துக் கோத்திருந்தார், சாகும்வரை. அப்பா ஒருநாளும் கேட்கவில்லையாம்.

தோன்யா தன் ரவிக்கைக்குள்ளிருந்து அந்தச் சாவியை எடுத்துக் காட்டினார். துருவேறி, பல் தேய்ந்து, சுண்டுவிரல் நீளம். பட்டி இடிந்து நாற்பது வருஷமாகிறது.

பிப்போர்ரோவே எல்லைதாண்டிப் போன பிராசெரோவைப் பற்றிப் பாடியவர்தான், அங்கே போய்ப் பேரையும் நடையையும் மாற்றிக்கொண்டு வருபவனைப் பற்றி. ஆண்கள் இல்லாத ஊர் எது என்பது அவருக்கும் அவருக்குக் கைதட்டியவர்களுக்கும் தெரிந்திருக்கும். பெண்கள் ஆளும் கிரகம் என்பதை வாக்குச்சாவடி பயம் என்று மார்ச்சில் அடித்துச் சொன்னேன். அது நகரத்துக்குப் பொருந்தும். வடக்குப் பண்ணைப் பெண்கள் இந்தப் படத்தைப் பார்த்தபோது அவர்களுக்கு அது கலக்கமாகவோ கற்பனையாகவோ இருந்திருக்காது. தங்கள் வீட்டுக் கதையைக் கண்ணாடி முகமூடி மாட்டி யாரோ திருப்பிச் சொன்னதுபோல் இருந்திருக்கும்.

2024 மே 5

"ஒரு அசட்டுக் காமெடியில் இவ்வளவு பாரத்தை ஏற்றுகிறீர்களே" என்று ஒருவர். எடுத்தவர்கள் இதையெல்லாம் யோசித்திருக்கமாட்டார்கள் என்கிறார்.

எடுத்தவர் என்ன யோசித்தார் என்று நான் சொல்லவில்லை, பார்த்தவர் ஒருவர் என்ன கண்டார் என்று சொல்கிறேன். ஆனாலும் கொன்சாலஸை அப்படி ஒன்றும் அறியாதவர் என்று ஒதுக்க வேண்டாம். அதே 1960-இல் அவர் இன்னொரு படமும் தந்தார், 'திருமதி மொராலெஸின் எலும்புக்கூடு'. விலங்குகளைப் பாடம் செய்து வைக்கும் ஒருவன், பக்தி முற்றிய மனைவி, வீட்டுக்குள் இருவரும் ஒருவரை ஒருவர் அரிப்பது. கல்யாணம் இரண்டு பேரை எப்படித் தின்னும் என்பதை அதைவிடக் கருப்பாகச் சிரித்துக் காட்டிய மெக்சிகோ படத்தை நான் பார்த்ததில்லை. ஒரே வருஷத்தில் ஒரு படம் கல்யாணத்தில் முடிகிறது, இன்னொன்று கல்யாணத்தில் தொடங்கிக் கொலையில் போய் நிற்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். காமா தங்கிவிட்ட பிறகு என்ன ஆகும் என்று அந்த மனிதருக்குத் தெரிந்தே இருந்தது.

2024 மே 11

கப்பல் முட்டை வடிவம் இல்லை. நிமிர்ந்து நிற்கும் ராக்கெட். பார்த்துவிட்டேன்.

2024 ஜூன் 3

நேற்று இங்கே தேர்தல். முன்னணி வேட்பாளர்கள் இரண்டு பேரும் பெண்கள். க்ளவுதியா ஷெயின்பவும் ஜெயித்திருக்கிறார். 1824-இல் குடியரசான நாட்டுக்கு முதல் பெண் ஜனாதிபதி. தோன்யா விரல் மையைக் காட்டினார். யாருக்குப் போட்டார் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவருடைய அம்மா முதன்முதல் வாக்களித்தது 1958-இல். கழுதைவண்டியில் மூன்று மணி நேரம் போய்ப் போட்டுவிட்டு வந்தாராம், அப்பா கலிபோர்னியாவில் இருந்த வருஷம்.

2024 ஜூன் 8

கேள்வி கேட்டவர் இன்னும் விடவில்லை. "எல்லாம் சரி. காமா ஏன் தங்கினாள்? அதற்கு நீங்கள் பதில் சொல்லவில்லை."

மூன்று மாதமாகச் சுற்றிவளைத்தது இதைத் தவிர்க்கத்தான் என்று இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

நான் கோயம்புத்தூரில் பதினொரு வருஷம் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவள். கணவருக்கு இங்கே கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. கூட வந்தேன். எனக்குக் கிடைத்த விசாவில் வேலை பார்க்க அனுமதி இல்லை. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. நானே யோசித்து, நானே பெட்டி கட்டி, நானே வந்தேன். அதனால்தான் முதல் தடவை அந்த முடிவைப் பார்த்துவிட்டு அவ்வளவு கோபம். கப்பல் ஓட்டத் தெரிந்தவள், கிரகம் கிரகமாகப் போனவள், ஒரு புளுகனின் பண்ணைவீட்டில் நின்றுவிட்டாளே என்று. அந்தக் கோபம் படத்தின் மேல் மட்டும் வந்ததில்லை.

இப்போது ஆறேழு தடவை பார்த்தாகிவிட்டது. எனக்குத் தெரிகிற பதில் இது. காதல் என்றால் என்ன என்று காமா கேட்கிறாள், அவன் பாட்டாகச் சொல்கிறான். கேட்டுத் தெரிந்துகொண்டுதான் தங்குகிறாள். அவளைத் தங்கவைத்தது தவறு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் படம் ஒரு கேள்வியைக் கேட்கவே இல்லை: கப்பலை அவள் வைத்துக்கொண்டால் என்ன? அவனையும் ஏற்றிக்கொண்டு போய்வந்தால் என்ன? தங்குவது என்றால் கப்பலை விட்டுவிடுவது என்று யார் முடிவுசெய்தது? 1960-இல் அந்தக் கேள்வி அவர்களுக்குத் தோன்றவில்லை. 2021-இல் பெட்டி கட்டும்போது எனக்கும் தோன்றவில்லை. பல்கலைக்கழகச் சான்றிதழ்களை நான் கோயம்புத்தூர் அலமாரியிலேயே பூட்டிவிட்டு வந்தேன்.

போன வாரம் அம்மாவிடம் சொல்லி அவற்றை அனுப்பச் சொல்லியிருக்கிறேன். இங்கே சான்றிதழை அங்கீகரித்து வாங்க மொழிபெயர்ப்பு, முத்திரை என்று நிறைய நடை. தோன்யாவின் பேத்தி வக்கீல் ஆபீசில் இருக்கிறாள், கூட வருகிறேன் என்றிருக்கிறாள்.

2024 ஜூன் 15

கடைசிக் கட்டத்தை இன்று மறுபடி ஓடவிட்டோம். கப்பலில் காமா இல்லை, பீட்டா இல்லை, அரக்கர்களும் ஒழிந்தாகிவிட்டது. கப்பலோடு வந்த ரோபோ தோர் சாராயக்கடை ஜூக்பாக்ஸைக் காதலித்து அதையும் ஏற்றிக்கொண்டு கிளம்புகிறது. இரண்டும் பாடிக்கொண்டே வானத்தில் போகின்றன.

எனக்கு இந்த இடத்தில் எப்போதும் வெள்ளிக்கிரகத்து ராணிதான் நினைவுக்கு வருவாள். ஆண்களைக் கொண்டுவரச் சொல்லி அனுப்பினாள், ஆளையும் காணோம், கப்பலையும் காணோம். தோன்யாவிடம் சொன்னேன், பாவம் அவள், கப்பல் போய் இறங்கினால் உள்ளே ஒரு ரோபோவும் ஒரு பாட்டுப்பெட்டியும்தான் இருக்கும்.

"ரெண்டும் பாடும், ரெண்டும் சோறு கேட்காது" என்றார் தோன்யா. "அவளுக்கு வேற என்ன வேணும்?" சொல்லிவிட்டு அடுத்த சனிக்கிழமைக்கு ராட்டினப் படம் என்றார்.